துவைத்தவள் பஹீஜா இல்லை

இல்லை, என் நாத்தனார் பஹீஜா ஓடிப்போகவில்லை. ஓடிப்போகிறவள் காலை பத்து மணிக்கு, தெருப் பெண்கள் அத்தனை பேரும் ரொட்டி அடுப்பைச் சுற்றி நிற்கும்போது, முன்வாசல் வழியாகப் பையைத் தூக்கிக்கொண்டு போகமாட்டாள். இதைப் பக்கத்து வீட்டு உம்மு ஷாகிர் யோசிக்க மாட்டாள். ஒரு விஷயம் பாதி தெரிந்தால் போதும் அவளுக்கு, மீதியைத் தானே பிசைந்து தானே சுட்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள்.

போன வெள்ளிக்கிழமை என் வீட்டிலேயே உட்கார்ந்து, என் டீயைக் குடித்துக்கொண்டே கேட்கிறாள்:

“உம்மு சாசிப், நாங்க என்ன அந்நியமா? சொல்லுங்க. அந்த விருந்தாளிப் பொம்பளயோட பாஸ்போர்ட்ட உங்க நாத்தனா வேணும்னேதான தண்ணில முக்கினா?”

“எதுக்கு முக்கணும்?”

“அந்தப் பொம்பள ஊருக்குப் போக முடியாம இங்கயே கெடந்தாத்தான இவ தொணைக்குப் போறேன்னு கெளம்ப முடியும். அங்க ஒரு ஆளு இருக்கானாமே.”

“இருக்கான். அந்தப் பொம்பள வப்ரியாவோட புருஷன். எழுபத்திரண்டு வயசு. ஒரு பக்கம் கை கால் விழுந்துபோச்சு. ஊட்டி விட்டாத்தான் சாப்பிடுவான். அவனத்தான சொல்ற?”

அவள் கரண்டியை டம்ளரின் மேல் குறுக்கே வைத்தாள், போதும் என்பதுபோல. “காதுல விழுந்ததச் சொன்னேன். கோவிச்சுக்காதீங்க. உங்களயா சொன்னேன்? உங்க கை பட்டதெல்லாம் பரக்கத்துன்னு அந்த வப்ரியாவே சொல்லிட்டுப் போனா.”

அந்த வார்த்தைக்குப் பிறகு நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பஹீஜா போய் இரண்டு மாதம் ஆகிறது. என்றைக்காவது ஒருநாள் இந்தத் தெருவுக்கு அவள் திரும்பி வர வேண்டும். வரும்போது இவர்கள் அவளை என்ன கண்ணால் பார்ப்பார்கள் என்பது என் வாயில் இருக்கிறது. எனக்கு எழுதத் தெரியாது. சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். எழுதி முடித்ததும் ரொட்டி அடுப்பு பக்கத்தில் நின்று எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது பஹீஜாவுக்கு ஒன்பது வயது. என் வீட்டுக்காரருக்குத் தாய் இல்லாத தங்கை. இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள், உண்மை சின்னது. சித்தப்பா மகன் ஒருவன், “இவ எனக்கு, வேற எவனும் வரக்கூடாது” என்று பெரியவர்கள் முன்னால் தடை போட்டுவைத்தான். நம்மில் அந்த வழக்கம் உண்டே. பிறகு பாக்தாத் பக்கம் போய் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். தடையை மட்டும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லிப் போய்க் கேட்க வேண்டியது அண்ணன். கேட்கிறேன், கேட்கிறேன் என்று பன்னிரண்டு வருஷம் போயிற்று. பஹீஜா ஒருமுறைகூட நினைவுபடுத்தவில்லை.

அவளுக்கு இரண்டு எருமைகள். விடிவதற்கு முன் பால் கறந்து, காய்ச்சி, ஏடு எடுத்து, தட்டில் சுருட்டி வைத்து ரோட்டுக்குக் கொண்டுபோய் விற்பாள். அவள் ஏட்டுக்காகவே நஜஃப் போகிற வண்டிக்காரர்கள் நிறுத்துவார்கள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் ஒரு வார்த்தை, அது சுருக்கென்று இருக்கும்.

இமாம் ஹுசைனின் நாற்பதாம் நாளுக்காகக் கர்பலாவுக்குப் போகிற நடை வந்துவிட்டால் மட்டும் அவள் வேறு ஆள். நம் வீடு நஜஃப்-கர்பலா ரோட்டில் எண் போட்டு நட்டிருக்கிற எண்ணூற்று மூன்றாவது கம்பத்துக்கு நேராக, ரோட்டிலிருந்து பேரீச்சந்தோப்பு தாண்டி இருக்கிறது. என் வீட்டுக்காரர் ரோட்டில் நின்று கர்பலாவுக்கு நடந்து போகிறவர்களின் கையைப் பிடித்துக் கெஞ்சி அழைத்து வருவார். உம்மு ஷாகிரின் புருஷனும் அங்கேதான் நிற்பார். ஒரே விருந்தாளிக்கு இரண்டு பேரும் போடுகிற சண்டையைப் பார்த்து விருந்தாளி பயந்துவிடுவார். வந்தவர்களுக்குச் சோறு என் பொறுப்பு. துணி பஹீஜாவின் பொறுப்பு.

துணி துவைக்கட்டுமா என்று கேட்டால் எந்த விருந்தாளியும் கொடுக்க மாட்டார். வேண்டாம் தாயே, உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்பார். அதனால் நாங்கள் கேட்பதில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழட்டும் என்று அவர்கள் அசந்து தூங்கும்போது எடுத்துவிடுவோம். பிற்பகல் அஸர் தொழுகைக்கு எழும்போது தூசி போய், வியர்வை போய், காய்ந்து மடித்த துணி தலைமாட்டில் இருக்கும். ஹுசைனின் விருந்தாளி அழுக்குத் துணியோடு இந்த வீட்டைத் தாண்டக் கூடாது.

பஹீஜா ஒவ்வொரு பையையும் தடவிப் பார்ப்பாள், ஒவ்வொரு மடிப்பையும் பிரித்துப் பார்ப்பாள். கிடைத்ததைத் தகரத் தட்டில் வைத்து அந்தந்த ஆளின் தலைமாட்டில் வைப்பாள். தஸ்பீஹ் மணிமாலை, மோதிரம், மாத்திரை, ஒரு வருஷம் யாரோ ஒருவருடைய கட்டுப்பல். பதினாறு வருஷத்தில் ஒரு குண்டூசி தொலைந்ததில்லை. தொழுது முடித்துவிட்டு வந்து அவள் கையை முத்தமிடுவார்கள். அழுவார்கள். எனக்கு யாரும் முத்தமிட்டதில்லை. சோறு எல்லா வீட்டிலும் கிடைக்கிறது அல்லவா. இதை நான் இப்போது சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

இந்த வருஷம் முஹம்மராவிலிருந்து பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஈரானில் இருக்கிற ஊர், ஆனால் பேச்சு நம் பேச்சு. கூட்டிவந்தவர் ஹாஜி அப்பூத். தடித்த மனுஷர், கழுத்தில் தோல் பை, பைக்குப் பூட்டு. பதினொரு பெண்களின் பாஸ்போர்ட் அதற்குள். பன்னிரண்டாவது வப்ரியா. அவள் தரவில்லை.

சாப்பாட்டு விரிப்பில் உட்கார்ந்தும் அந்தச் சண்டை ஓயவில்லை.

“நஜஃப்ல கேட்டேன், தரல. இப்பவும் கேக்கறேன்,” என்றார் ஹாஜி. “கூட்டத்துக்குள்ள போகப் போறோம் வப்ரியா. போன வருஷம் ரெண்டு பொம்பளைங்க தொலச்சுட்டு நிக்க, நான் ஒரு வாரம் கர்பலாவுல நாயா அலஞ்சேன். எங்கிட்ட இருந்தா தொலையாது. தூங்கறப்பகூட இது என் கழுத்துலதான்.”

“நீங்க மவுத்தாயிட்டா?”

“பையோட பொதைக்க மாட்டாங்க, பயப்படாத.”

பெண்கள் சிரித்தார்கள். வப்ரியா சிரிக்கவில்லை. கீமாவை ரொட்டியில் வைத்து மடித்தபடியே சொன்னாள்:

“சண்ட வந்தப்ப நாங்க ஊர விட்டு ஓடினோம் ஹாஜி. பத்திரமா இருக்கட்டும்னு எங்க வாப்பா எல்லார் காயிதத்தையும் மச்சான் கையில குடுத்தாரு. மச்சான் ஏறின லாரி ஒரு பக்கம் போச்சு, நாங்க ஏறின லாரி ஒரு பக்கம் போச்சு. நீ யாருன்னு கேட்டா காட்ட ஒண்ணும் இல்லாம மூணு வருஷம் கூடாரத்துல கெடந்தோம். எங்கம்மா உசுரு அங்கதான் போச்சு. எங் காயிதம் என் ஒடம்புல இருக்கும். அவ்வளவுதான்.”

“அட, போனுல ஒரு படமாவது எடுத்துக்கறேன்.”

“அதுவும் வேண்டாம்.”

என் வீட்டுக்காரர் ஹாஜியின் பக்கம். “எங்க வீட்டுப் பொம்பளைங்க பாஸ்போர்ட்டெல்லாம் எம் பெட்டியிலதான் இருக்கு. ஈரான்ல மஷ்ஹதுக்குப் போய் வந்தோம், ஒண்ணாவது தொலஞ்சுதா?”

பஹீஜா தட்டு எடுக்க வந்தவள், “தொலையறதுக்கு அது எங்க வெளிய வந்துச்சு?” என்று சொல்லிவிட்டுப் போனாள். வப்ரியா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

சாப்பிட்டதும் பெண்கள் பின்னறையில் படுத்தார்கள். கடுமையான வெக்கை. வப்ரியா கறுப்பு அங்கிக்கு அடியில் போட்டிருந்த, கையில்லாத பஞ்சு உள்சட்டையைக் கழற்றினாள். பஹீஜாவைக் கூப்பிட்டு, பாஸ்போர்ட் இதில்தான் இருக்கிறது என்று அவளிடம் மட்டும் காட்டியிருக்கிறாள். “இதத் தொட மாட்டியே?” “யாரும் தொட மாட்டாங்க, நீங்க தூங்குங்க” என்று பஹீஜா வாக்குக் கொடுத்திருக்கிறாள். இது எனக்குப் பிறகுதான் தெரியும். வப்ரியா உள்சட்டையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

பஹீஜா முதல் ஈடு துணியை மாடிக்குக் கொண்டுபோனாள். இரண்டாவது ஈடு மிஷினில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் தலையணை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போனேன். எல்லார் துணியும் எடுத்தாகிவிட்டது, வப்ரியாவின் தலைக்கு அடியில் அது மட்டும் இருந்தது. தோள்பட்டையில் வியர்வை உப்பாகப் பூத்திருந்தது. பஹீஜா இதை விட்டுவிட்டாளே, இவ்வளவுதானா இவள் கவனம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இந்த ஒன்றையாவது நான் செய்கிறேன், எழுந்ததும் இந்த முஹம்மராக்காரி என் கையை முத்தமிடட்டும் என்று நினைத்தேன்.

அவள் தலையை ஒரு கையால் தாங்கி, உள்சட்டையை உருவி, தலையணையை வைத்தேன். விழிக்கவில்லை. குழந்தையைத் தூக்குவதுபோல் அவ்வளவு பதமாகச் செய்தேன்.

நடந்துகொண்டே தடவிப் பார்த்தேன். பையில் ஒன்றும் இல்லை. முதுகுப் பக்கத் துணிக்குள் விரைப்பாக ஏதோ தட்டுப்பட்டது. நம் பெண்கள் தாயத்தை மெழுகுத் துணியில் சுற்றி உடுப்புக்குள் தைத்துக்கொள்வது வழக்கம், அப்படியே துவைப்போம், ஒன்றும் ஆகாது. தாயத்து என்று நினைத்தேன்.

அப்படித்தான் நினைத்தாயா, வேறொன்றும் தோன்றவில்லையா என்று என்னை நானே இந்த இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விரிப்பில் அவள் சொன்னதை நானும் கேட்டேனே, என் உடம்பில் இருக்கும் என்று. இடுப்பில் கட்டியிருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் அந்த விரைப்பில் விரல் பட்டபோது இன்னொரு நினைப்பு பாதி வந்தது. முழுதாக வருவதற்குள் நான் மிஷின் மூடியைத் திறந்து உள்ளே போட்டுவிட்டேன். கொதிக்கக் கொதிக்க வெந்நீர், நிறையத் தூள்.

பஹீஜா மாடியிலிருந்து இறங்கி வந்தபோது நான் முற்றத்தில் எங்கள் வீட்டு ரொட்டி அடுப்பு பக்கம் போயிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் மிஷின் தெரியும். ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது. உள்சட்டையைத் தூக்கிப் பிடித்தாள். தண்ணீர் கொட்டியது. பிறகு என்னைப் பார்த்தாள். நான் குனிந்து அடுப்புக்குள் மாவைத் தட்டினேன்.

கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தாள். அட்டைச் சாயம் பக்கங்களில் எல்லாம் இறங்கியிருந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நனைந்த ரொட்டிபோல் இருந்தன. படம் இருந்த பக்கத்தின் மேல்தோல் உரிந்து, வப்ரியாவின் முகம் இருந்த இடத்தில் பால் சிந்தியதுபோல் வெள்ளையாக இருந்தது.

மறைக்கவில்லை அவள். தானே போய் வப்ரியாவை எழுப்பி, இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினாள். வப்ரியா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. “இன்னிக்கு என்ன கெழம?” என்றாள். செவ்வாய் என்றார்கள். விரலை மடக்கி எண்ணினாள். விழுந்துபோன புருஷனை அவன் தங்கையிடம் பத்து நாளைக்கு என்று சொல்லி விட்டுவிட்டு வந்திருந்தாள். அந்தத் தங்கை பத்துக்குமேல் ஒரு நாள் இருக்கமாட்டேன் என்று சொல்லித்தான் வந்தவள்.

எண்ணி முடித்ததும், “வாக்குக் குடுத்தியே,” என்றாள்.

“குடுத்தேன்,” என்றாள் பஹீஜா.

“யாரும் தொட மாட்டாங்கன்னியே.”

“எம் பொறுப்புதான்.”

அவள் சொன்னது அவ்வளவுதான். தான் துவைத்ததாக அவள் சொல்லவே இல்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை, என்னைத் தவிர. என் வீட்டுக்காரர் ஓடி வந்து, “பதினாறு வருஷம் சம்பாதிச்ச பேர ஒரே நாள்ல கழுவி ஊத்திட்டியே,” என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். ஹாஜி அப்பூத் தலையில் கை வைத்துக்கொண்டு, “எங்கிட்டக் குடுத்திருந்தா… ஒரு படமாவது எடுக்க விட்டிருந்தா…” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வேலிக்கு மேல் உம்மு ஷாகிரின் தலை தெரிந்தது. என் அடுப்பில் ரொட்டி கருகும் வாசம் வந்தது. நான் அதை எடுக்கப் போனேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், இவர் கோபம் தணியட்டும் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதையே நினைத்தேன்.

நடையைப் பாதியில் விடக் கூடாது என்று வப்ரியா மறுநாள் கூட்டத்தோடு கர்பலாவுக்குக் கிளம்பினாள். யாரும் சொல்லாமல் பஹீஜாவும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனாள். எருமையை யார் பார்ப்பது என்று என்னிடம் கேட்கவில்லை. நான் பார்த்துக்கொண்டேன். வழியெல்லாம் வப்ரியா அவளோடு பேசவில்லையாம். அவள் நீட்டிய தண்ணீரைக்கூட வாங்கவில்லையாம்.

கர்பலாவில் ஜியாரத், இமாமின் அடக்கத்தல தரிசனம், முடிந்தது. ஹாஜியின் பஸ் குறித்த நாளில் புறப்பட்டாக வேண்டும், மற்ற பதினொரு பேருக்கும் வீடு வாசல் இருக்கிறது. அவர் ஈரான் நாட்டு அலுவலகத்துக்கு வந்து, இவள் எங்கள் ஊர்க்காரிதான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அங்கே இருந்தவர்கள் தன்மையாகத்தான் பேசினார்களாம். ஆனால் முகம் இல்லை, எண் படிக்க முடியவில்லை, நகலும் இல்லை. அவர்கள் ஊரில் கேட்டு விடை வர வேண்டும். நம் நாட்டுக்குள் வந்த முத்திரையும் கரைந்துவிட்டதால் அதற்கு வேறொரு அலுவலகம். பஹீஜா வப்ரியாவை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு பேரும் வேன் பிடித்துப் போய் வரிசையில் நின்றார்கள்.

வீட்டில் வப்ரியாவுக்கு எல்லாம் நான் செய்தேன். என் சொந்த மெத்தையைப் போட்டேன். தினம் ஆட்டுக் கறியோ மீனோ வைத்தேன். பஹீஜா கையால் எதையும் வாங்காதவள் என் கையால் வாங்கிச் சாப்பிட்டாள். ஒருநாள் சாப்பிட்டு முடித்து என் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

“இந்த வீட்ல நீங்க இல்லேன்னா எம் மனசு ஒடஞ்சிருக்கும் உம்மு சாசிப். அல்லாஹ் இந்தக் கைக்குக் கொற வைக்க மாட்டான்.”

பஹீஜா அங்கேதான், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான் கையை இழுத்துக்கொண்டு, “இருக்கட்டும், இருக்கட்டும்” என்றேன். கேட்டு வாங்கிய முத்தம் அது. அந்தக் கையால் அன்றைக்கு என்னால் மாவு பிசைய முடியவில்லை.

வரிசையில் நின்று நின்று அவர்கள் இரண்டு பேருக்கும் என்ன பேச்சு ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. வரிசைக்குப் போக ஆரம்பித்த ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ திரும்பி வரும்போது வேனிலிருந்து ஒரே பொட்டலத்தில் சூரியகாந்தி விதை தின்றுகொண்டு இறங்கினார்கள். வப்ரியா ஏதோ சொல்ல, பஹீஜா சிரித்தாள். அவளுக்கு முன்பல் ஒன்று சற்று மேலே ஏறியிருக்கும். அதை நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

ஏழாம் நாள், ஊரில் சொல்லிவிட்டு வந்த பத்து நாளும் தாண்டிய பிறகு, முஹம்மராவிலிருந்து போன். தங்கை சொன்னபடி மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் கவனிக்கிறார்கள். புருஷன் அவர்கள் ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறானாம், தேநீரும் பிஸ்கட்டும்தான் உள்ளே போகிறதாம். வப்ரியா போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எட்டாம் நாள் காகிதம் கிடைத்தது. ஒரே ஒரு தாள், ஒருமுறை எல்லை தாண்ட மட்டும்.

“இத எங்க காட்டணும், எப்ப காட்டணும், எவன் கையில குடுத்தா திருப்பித் தருவான், ஒண்ணும் தெரியாதே எனக்கு,” என்றாள் வப்ரியா. “பஸ்ராவுல எறங்கி வேற வண்டி மாறணும்ங்கறாங்க. பாஸ்போர்ட்டுனா தெகிரியமா நீட்டுவேன். இது காத்துல பறந்துச்சுன்னா நான் யாரு?”

சாயங்காலம் அண்ணன் சாப்பிடும்போது பஹீஜா வந்து நின்றாள். “நான் கூடப் போறேன்.”

“எல்லை வரைக்கும் வண்டி நானே ஏற்பாடு பண்றேன்.”

“அவங்க வீடு வரைக்கும் போறேன். அவருக்குச் சாப்பாடு எறங்கி, இவங்களுக்குப் புதுப் பாஸ்போர்ட் வர்ற வரைக்கும் இருந்துட்டு வர்றேன். கெடுத்தது நம்ம வீடு.”

என் வீட்டுக்காரர் மெதுவாக ரொட்டியைக் கிழித்தார். “உம் பாஸ்போர்ட் எம் பெட்டியில இருக்கு,” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும். பெண் பிள்ளை தனியாக எல்லை தாண்டிப் போனால் தெரு என்ன சொல்லும் என்று யோசித்திருப்பார். அதில் அவரைக் குறை சொல்லமாட்டேன். அவருக்கு உண்மை தெரியாது.

மறுநாள் காலை அவர் இரவல் வாங்கிய அண்டாக்களைத் திருப்பிக் கொடுக்க வண்டியோடு நஜஃப் போனார். அவர் வண்டிச் சத்தம் அடங்கியதும் பஹீஜா எருமைக் கொட்டிலில் இருந்து வந்து கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

“அண்ணி, பெட்டியத் தொறங்க.”

என் நகையும் அதில்தான் இருக்கிறது, அதனால் சாவி என் இடுப்பில் இருக்கும். நாற்பது வருஷத்தில் அவரைக் கேட்காமல் அந்தப் பெட்டியை நான் திறந்ததில்லை.

“அவரு வந்து என்னக் கொன்னுடுவாரு.”

“கொல்ல மாட்டாரு. கத்துவாரு.”

“ஒனக்கென்ன, நீ போயிடுவ.”

அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படி நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துபோய்த் திறந்தேன். ஐந்து பாஸ்போர்ட்டுகள், ஒரே நிறம், ஒரே அளவு. எனக்கு எழுத்துத் தெரியாது. ஒவ்வொன்றாகப் பிரித்து முகத்தைப் பார்த்தேன். முதலில் வந்தது நான்தான். அதை மூடி அடியில் வைத்தேன். மருமகள், பெரியவன், அப்புறம் அவர். கடைசியில் பஹீஜா. படம் எடுத்த அன்றைக்கு முகத்தைத் துணி மறைக்கக் கூடாது என்று படக்காரன் சொன்னதற்கு அவள் முறைத்த முறைப்பு அப்படியே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

அதை அவள் உடனே பைக்குள் வைக்கவில்லை. பிரித்துப் பார்த்தாள், பக்கங்களைத் தள்ளினாள், பின்பக்கம் திருப்பினாள். மஷ்ஹதுக்குப் போய் வந்தவள்தான். ஆனால் அங்கே எல்லா இடத்திலும் நீட்டியவர் அண்ணன். அது அவள் கையில் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“எங்க வச்சுக்கப் போற?” என்று கேட்டேன்.

“கையில.”

“கூட்டத்துல புடுங்கிட்டுப் போனா?”

“போனா போறான். நான் பாத்துட்டே இருக்கறப்பத்தான போவான்.”

தெருவில் வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. வப்ரியா என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, “உங்க கை பட்டதெல்லாம் பரக்கத்து” என்று அடுப்பு பக்கம் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு முதலில் ஏறினாள். உம்மு ஷாகிர் ரொட்டியைக் கையில் வைத்தபடி அசையாமல் நின்றாள். அடுப்பைச் சுற்றி ஆறு ஏழு பேர். பஹீஜா ஒரு துணிப்பை, ஒரு டப்பா ஏடு, கையில் பாஸ்போர்ட்.

வாசற்படியில் நான் அவள் கையைப் பிடித்தேன். சத்தமாகச் சொல்லியிருக்கலாம். ஏழு பேரும் கேட்டிருப்பார்கள், வப்ரியாவும் கேட்டிருப்பாள், அத்தோடு முடிந்திருக்கும். நான் அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

“அந்த உள்சட்டைய அவ தலைக்கு அடியில இருந்து எடுத்தது நான்தான்.”

“தெரியும் அண்ணி.”

“எப்பத் தெரியும்?”

“மிஷினுக்குள்ள கை வச்சப்பவே. வாக்குக் குடுத்தவ நான். நான் எடுக்கல. வீட்ல முழிச்சிட்டிருந்தது வேற யாரு?”

“அப்ப ஏன் சொல்லல?”

அவள் என் கையை விலக்கவில்லை.

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்,” என்றாள். “மொத நாளு இருந்தேன். ரெண்டாம் நாளு இருந்தேன். அப்பறம் வரிசையில நின்னுட்டிருந்தேன், மறந்துபோச்சு.”

மறக்கவில்லை. எனக்காகச் சொன்னாள். அது எனக்குத் தெரிந்தது என்பதும் அவளுக்குத் தெரியும்.

“இப்பப் போய் அவங்ககிட்டச் சொல்லட்டுமா?” என்று வேனைக் காட்டிக் கேட்டேன்.

“எங்கிட்டக் கேட்டுத்தான் சொல்லணுமா?” என்றாள். பிறகு, “கறுப்பு எருமைக்குக் கன்னுக்குட்டிய மொதல்ல விடுங்க, இல்லேன்னா பால் எறக்காது,” என்றாள்.

படி இறங்கினாள். அடுப்பு பக்கம் நின்றவர்களுக்கு ஸலாம் சொன்னாள். ஒருத்திதான் பதில் சொன்னாள். பதில் சொன்னவள் யார் என்று இந்தத் தெருவுக்குத் தெரியும். வேன் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. நான் இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றேன், வாயை மூடிக்கொண்டு.